500 ரூபாய்க்குள் கிடைக்கும் கேம்களை வாங்கலாமா, இல்லை காசு சேர்த்து ஒரே பெரிய கேமாக வாங்கலாமா?

திருப்பூர் பையன்:

வணக்கம் நண்பர்களே. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டுக்குக் கொடுத்தது, பஸ், சாப்பாடு எல்லாம் போக இந்த மாதம் கையில் ஆயிரம் ரூபாய் நிற்கிறது. அதை கேமுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். லேப்டாப் பழையது: ஐ3, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இரவு ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன், அதற்குமேல் ஒரு மணி நேரம் விளையாடக் கிடைத்தாலே பெரிது. தங்கச்சி ஏழாவது படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு தளத்தில் 99 ரூபாய்க்குப் பத்து கேம் என்று ஒரு கட்டு போட்டிருந்தார்கள், யோசிக்காமல் வாங்கிவிட்டேன். பத்தில் மூன்று திறக்கவே இல்லை. நான்கு கேமில் அதே காடு, அதே துப்பாக்கி, அதே ஜோம்பி, பெயர் மட்டும் வேறு. ஒரு கேமில் குடிசைக்கு இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் மரம் அடுத்த கேமிலும் அதே குடிசைக்கு அதே பக்கம் சாய்ந்து நிற்கிறது. மீதி மூன்றில் ஒன்றே ஒன்று, படகை நகர்த்தும் ஒரு சின்னப் புதிர் கேம், அதைத்தான் ஆசையாக இரண்டு நாள் விளையாடினேன். 99 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை, மூன்று நாள் இரவு, தூங்க வேண்டிய நேரத்தில், எது ஓடும் எது ஓடாது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அதுதான் வருத்தமாக இருக்கிறது.

கம்பெனியில் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "500 ரூபாய்க்குக் கீழே எதையும் தொடாதே, எல்லாம் குப்பை, மூன்று மாதம் சேர்த்து ஒரு பெரிய கேமாக வாங்கு" என்கிறார். அவர் சொல்வது சரியா? விலை குறைந்த கேமில் உண்மையிலேயே நல்லது இருக்கிறதா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கேசட்:

தம்பி, அந்தச் சாய்ந்த மரத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு 90களின் டிவி கேம்தான் ஞாபகம் வந்தது. மஞ்சள் கேசட், மேலே "9999 இன் 1" என்று ஒட்டியிருக்கும். ஊதிவிட்டு மாட்டினால் திரையில் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கம் பக்கமாகத் தள்ளலாம். ஆனால் முதல் சில பெயர்களைத் தாண்டினால் திரும்பவும் அதே மரியோதான், இந்த முறை நான்காவது கட்டத்திலிருந்து தொடங்குவார். அதற்கடுத்தும் அதே மரியோ, வேறு கட்டம். 9999 கேம் இருக்கிறது என்று நம்பி அப்பாவிடம் அழுது வாங்கினவன் நான். கடைசி எண் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

உன் பத்து கேம் கட்டும் அதே வியாபாரம்தான், என்ன, இப்போது கேசட் இல்லை. ஆனால் அதை வைத்து விலை குறைந்த கேம் எல்லாம் குப்பை என்று முடிவு கட்டிவிடாதே. ஏன் விலை குறைவாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார். வயதாகிவிட்டதால் விலை இறங்கிய கேம் உண்டு. செய்தவர் ஒருவரோ இருவரோ என்பதால் முதல் நாளிலிருந்தே குறைந்த விலையில் வந்த கேம் உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லாததால் மலிவாக விற்கும் கேமும் உண்டு. மூன்றும் கடையில் ஒரே வரிசையில், ஒரே அளவுப் படத்தோடு நிற்பதால்தான் குழப்பம்.

அந்த மூன்றாவது வகை எப்படி வருகிறது என்றால், கேம் செய்யும் மென்பொருளுக்கென்று காடு, வீடு, துப்பாக்கி, ஜோம்பி எல்லாம் ஆயத்தமாக விலைக்குக் கிடைக்கும். அதை வாங்கிப் பயன்படுத்துவதில் தவறே இல்லை, நல்ல டெவலப்பர்களும் செய்வதுதான். ஆனால் வாங்கிய மாதிரிக் காட்டை அப்படியே ஒரு பெயர் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். உன் நான்கு கேமிலும் மரம் ஒரே இடத்தில் நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் 2017 ஜூனிலிருந்து ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆனது. அதே 2017 செப்டம்பரில் இப்படி ஒட்டுவேலை செய்துவந்த ஒரே கும்பலின் 170க்கும் மேற்பட்ட கேம்களை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் மொத்தமாகத் தூக்கியது. அந்தக் காலத்தில் சில கேம்கள் விளையாடுவதற்காக விற்கப்படவே இல்லை. ஸ்டீமில் கேம் ஓடினால் டிரேடிங் கார்டு என்ற டிஜிட்டல் பட அட்டை விழும், அதை விற்றால் சில்லறை கிடைக்கும். அதற்காகவே கேம் போட்டு, ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகளை வைத்து ஓட்டினார்கள்.

மலிவுக் குப்பை குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983-இல் அமெரிக்காவில் நடந்ததைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். அடாரி என்ற டிவி கேம் பெட்டிக்கு யார் யாரோ கேசட் போட்டார்கள். முப்பது டாலருக்கு மேல் விற்ற கேசட்டெல்லாம் கடை வாசலில் ஐந்து டாலர் தொட்டிக்கு வந்தன. மலிவு கேசட்டைத் தாண்டி நல்லதை யாரும் எடுக்கவில்லை, எடுத்த மலிவும் விளையாடும்படி இல்லை, ஜனங்களுக்கு கேம் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ஏறக்குறைய ஐந்து வாரத்தில் அவசரமாகச் செய்து 1982 கிறிஸ்துமஸுக்கு இறக்கிய, இ.டி. சினிமாவை வைத்து வந்த கேமையும் சேர்த்து, விற்காத சரக்கை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் லாரி லாரியாகப் புதைத்தார்கள். ரொம்ப நாள் அது வதந்தி என்றே நினைத்தார்கள், 2014-இல் தோண்டினபோது கேசட்டுகள் வெளியே வந்தன. ஆகவே உன் கம்பெனி அண்ணனின் பயம் புதிதில்லை, காரணமில்லாததும் இல்லை. ஆனால் அன்று கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க எளிதில் வழி இல்லை. இன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் காரணம் எதுவானாலும் காசைத் திருப்பித் தருகிறார்கள், 2015 ஜூனிலிருந்து இதுதான் நடைமுறை. வாங்கின அன்றே நிறுவி, உன் லேப்டாப்பில் ஓடுகிறதா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடு. வாங்கி வைத்துவிட்டு அடுத்த மாதம் திறந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இரவு ஷிப்ட்:

கம்பெனி அண்ணன் சொன்னதில் பாதி சரி என்று நினைக்கிறேன், அவருக்காக யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் ஸ்டீம் லைப்ரரியில் இப்போது 312 கேம். அதில் ஒரு முறைகூடத் திறக்காதவை 190க்கு மேல், நேற்றுதான் வடிகட்டி எண்ணினேன். எல்லாமே சேலில் எடுத்தவை. 60 ரூபாய், 85 ரூபாய், 120 ரூபாய் என்று ஒவ்வொன்றாக எடுக்கும்போது ஒன்றும் தெரியாது, டீக்கடைக் கணக்கு மாதிரி மாதக் கடைசியில்தான் தெரியும். மொத்தமாகக் கூட்டினால் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்கலாம். அதைவிட, இத்தனை கேம் கையில் இருப்பதாலேயே எதிலும் மனது நிற்பதில்லை. பதினைந்து நிமிடம் ஒன்று, இருபது நிமிடம் இன்னொன்று என்று தாவி, ஷிப்ட் முடிந்து வந்த காலை நேரம் போய்விடும். கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் ஒரே ஒரு டிஸ்க் இருந்தது. அந்த ஒரு கேமின் ஒவ்வொரு தெருவும் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

ஆனால் அண்ணன் சொல்லும் மறுபாதி தப்பு. விலை அதிகம் என்றால் தரம் உறுதி என்பது கிடையாது. சைபர்பங்க் 2077 என்ற பெரிய கேம், 2020 டிசம்பரில் வந்தபோது சோனியின் கேம் பெட்டியான பிஎஸ்4-இல் தடுமாறிய தடுமாற்றத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தது, ஆறு மாதம் கழித்து 2021 ஜூனில்தான் திரும்ப விற்பனைக்கு வந்தது. முதல் நாளே முழு விலை கொடுத்தவர்கள்தான் அந்த ஆறு மாதமும் பிழைகளோடு மல்லுக்கட்டினார்கள், பொறுத்தவர்கள் குறைந்த விலைக்கு நல்ல கேமாக வாங்கினார்கள். அப்புறம், உங்கள் லேப்டாப்பில் புதிய பெரிய கேம் எதுவும் ஓடவே ஓடாது. மூன்று மாதம் சேர்த்து வாங்கிவிட்டு, முதல் படமே திக்கித் திக்கி வருவதைப் பார்க்க வேண்டாம்.

என் யோசனை: ஒரு நேரத்தில் ஒரு கேம். விலை எதுவாக இருந்தாலும் சரி, கையில் இருப்பதை முடிக்கும்வரை அல்லது இது வேண்டாம் என்று முடிவெடுக்கும்வரை அடுத்தது இல்லை. பார்த்ததையெல்லாம் விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், தள்ளுபடி வந்தால் மெயில் தானாக வரும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய சேல் தவறாமல் வரும், இன்று போனால் கிடைக்காது என்ற பதற்றமே வேண்டாம். ஃபாக்டோரியோ என்ற கேமைச் செய்தவர்கள் மாதிரி சேலே போடுவதில்லை என்று கொள்கையாக வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

நிலா அம்மா:

தங்கச்சியும் பக்கத்தில் உட்காருவாள் என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதனால்தான் பதில் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் காசு கொடுத்து கேம் வாங்குவது வீண் என்றுதான் நானும் இருந்தேன். போனில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே, எதற்கு 480 ரூபாய் என்று. என் மகன் போனில் ஒரு துப்பாக்கி கேம் ஆடுவான், இலவசம்தான். ஒரு மாதம் பேங்க் மெசேஜைப் பார்க்கிறேன், 80, 80, 160, 400 என்று போய்க்கொண்டே இருக்கிறது. சட்டைக்கு, துப்பாக்கிக்கு, தலையில் போடும் தொப்பிக்கு என்று, கேமுக்குள் காசு மாதிரி செல்லும் வைரம் வாங்கியிருக்கிறான். மொத்தம் 2,300 ரூபாய். அடிக்கவில்லை, உட்காரவைத்துக் கேட்டேன். "எல்லாரும் போட்டிருக்காங்கம்மா, நான் மட்டும் சும்மா நின்னா டீம்ல சேர்க்க மாட்டேங்கிறாங்க" என்றான். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் முழுக்க அந்தக் கேமைச் செய்தவர்கள் மேல்தான் போனது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கூச்சம் வரவைத்துக் காசு பிடுங்குகிறார்கள்.

அதற்கப்புறம்தான் ஒரு முறை காசு கொடுத்தால் முடிந்தது, உள்ளே வேறெதுவும் கேட்காது என்கிற கேமாகத் தேடினேன். ஸ்டார்ட்யூ வேலி கிடைத்தது. 480 ரூபாய் அளவில் விலை, சேலில் இன்னும் குறையும். தாத்தா விட்டுப்போன நிலத்தில் விவசாயம் செய்யும் கேம். முதல் நாள் காலையில் ஊர்த் தலைவர் பார்ஸ்னிப் என்ற கிழங்கின் பதினைந்து விதை கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மண்ணைக் கொத்தி, விதை போட்டு, பூவாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால் மண் கருத்துவிடும். என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. மண் கருத்திருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துத் திரையைத் தொட்டு எண்ணுவாள். நட்டு நான்கு நாள் கழித்து அறுவடை. அதற்கு முந்தின நாள் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள், மற்ற பதினாலும் பறிக்கிற மாதிரி நின்றபோது அது மட்டும் சின்னதாக நின்றது. அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினாள். மாடியில் எங்கள் வெண்டைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது அவள் வேலை, நான் சொல்லி வந்ததில்லை.

கேமில் ஒரு நாள் என்பது நமக்கு ஏறக்குறைய 14 நிமிடம். படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். அதனால் "இரண்டு நாள் விளையாடிவிட்டு எழுந்துவிட வேண்டும்" என்று பிள்ளைகளிடம் சொல்வது எளிது, அவர்களுக்கும் புரிகிறது. தமிழில் இல்லை, அது ஒரு குறைதான். முதல் வாரம் நான் வாசித்துச் சொன்னேன், இப்போது நிலாவே எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்.

மகன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மீன் பிடிப்பது அவனுக்குப் பிடித்துப்போய் இப்போது மீன் எல்லாம் அவன் பொறுப்பு.

மலைக்கோட்டை:

எல்லாரும் ஸ்டீமிலேயே வாங்கச் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் மலிவு என்று தேட ஆரம்பித்தால் கீ, அதாவது கேமைக் கணக்கில் ஏற்றும் குறியீட்டு எண், விற்கும் தளங்கள் முதலில் கண்ணில் படும், அங்கே போகாதே தம்பி. பெயர் சொல்லவில்லை, நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டீமில் 900 ரூபாய்க்கு இருந்த கேம் ஒரு தளத்தில் 180 ரூபாய். கீ வந்தது, போட்டேன், லைப்ரரியில் ஏறியது, சந்தோஷமாக விளையாடினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் கேமைக் காணவில்லை. கீ ரத்து செய்யப்பட்டது என்று ஒரு வரி அறிவிப்பு. விற்றவனுக்கு எழுதினால் பதிலே இல்லை, தளத்துக்கு எழுதினால் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தனியாகக் காசு கட்டியிருந்தால்தான் பார்ப்பார்களாம். 22 மணி நேரம் விளையாடியிருந்தேன்.

பின்னால்தான் இதன் உள்வேலை புரிந்தது. திருட்டுக் கார்டில் மொத்தமாகக் கீ வாங்குவார்கள், அடிமாட்டு விலைக்கு நம்மிடம் தள்ளுவார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் பேங்கில் புகார் கொடுத்ததும் பணம் திரும்பப் போகும், அதற்கான அபராதக் கட்டணம் கேம் செய்தவர் தலையில் விழும். எல்லாக் கீயும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எது எப்படி வந்தது என்று வாங்குகிற நமக்குத் தெரிய வழியே இல்லை. 2019-இல் சில டெவலப்பர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள், அந்த மாதிரித் தளத்தில் வாங்குவதைவிடத் திருட்டுக் காப்பி விளையாடுங்கள், எங்களுக்கு நஷ்டமாவது குறையும் என்று. சொந்தக் கேமைப் பற்றி ஒருவர் அப்படி எழுத வேண்டுமென்றால் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்.

காசே இல்லை என்றால் எபிக் என்ற இன்னொரு ஆன்லைன் கேம் கடையில் வாரா வாரம் ஏதாவது ஒன்று இலவசமாகத் தருகிறார்கள், 2020 மே மாதம் ஜிடிஏ 5 என்ற பெரிய கேமையே கொடுத்தார்கள். சும்மா கணக்குத் தொடங்கி எடுத்துவைத்துக்கொள்.

டிஸ்க் பெட்டி:

லேப்டாப் கேள்விக்கு இது நேரடிப் பதில் இல்லை, ஆனால் மலிவு என்றால் என் கணக்கு இதுதான். என்னிடம் பிஎஸ்4. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் பழைய டிஸ்க் கிடைக்கும், 800 கொடுத்து வாங்கி, முடித்துவிட்டு 600க்குக் கொடுத்துவிடுவேன். ஒரு கேமுக்கு 200 ரூபாய்தான் ஆகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே ஓடும் கீறலைவிட வட்டமாக ஓடும் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன், அதுதான் படிக்க விடாது.

டிஜிட்டலில் வாங்கும்போது நாம் வாங்குவது கேமை இல்லை, அதை விளையாடும் உரிமத்தை மட்டும். கலிபோர்னியாவில் இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்ததையொட்டி 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் அதை எழுதிவிட்டது. ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கித் தனியாக வைத்துக்கொள்ளலாம், பூட்டு கிடையாது. பழைய லேப்டாப்புக்கு ஏற்ற பழைய கேம்கள் அங்கே நிறைய, பார்த்து வையுங்கள்.

பிக்சல் தறி:

கோயம்புத்தூரில் நானும் ஒரு நண்பனும் சேர்ந்து சின்னச் சின்ன கேம் செய்கிறோம், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் "500க்குக் கீழே எல்லாம் குப்பை" என்ற வரி மனதைக் கொஞ்சம் குத்திவிட்டது.

ஸ்டார்ட்யூ வேலியை எரிக் பரோன் என்பவர் ஒற்றை ஆளாகச் செய்தார். நிரல், படம், இசை, வசனம் எல்லாமே அவர்தான், நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் ஆட்களை இருக்கைக்கு அழைத்துப்போகும் வேலை பார்த்துக்கொண்டே செய்தார். 2016 பிப்ரவரியில் 15 டாலருக்கு வந்தது. அன்றிலிருந்து 2024-இல் வந்த 1.6 பதிப்பு வரை எத்தனையோ பெரிய அப்டேட், ஒன்றுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. ஹாலோ நைட் என்ற கேமும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்தது, 2017-இல் அதுவும் 15 டாலர்தான். வாம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேம் 2021 டிசம்பரில் 3 டாலருக்கு ஆரம்பநிலை வெளியீடாக வந்தது, முழுமையானபோது 5 டாலர் ஆனது. 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருது அதற்குத்தான் போனது, அறுபது எழுபது டாலர் கேம்கள் பக்கத்தில் நிற்கும்போது. இவர்களுக்கு நானூறு பேர் அலுவலகம் கிடையாது, பஸ்ஸில் விளம்பரம் ஒட்டும் செலவு கிடையாது, அதனால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது.

திருப்பூர் பையனுக்கு இரவில் ஒரு மணி நேரம்தான் என்பதால் வாம்பயர் சர்வைவர்ஸை அழுத்திச் சொல்கிறேன். ஒரு ஆட்டம் அதிகபட்சம் அரை மணி நேரம். சுட வேண்டியதில்லை, ஆயுதம் தானாக வேலை செய்யும், நாம் நகர்ந்தால் போதும். முதல் ஐந்து நிமிடம் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பதினைந்தாவது நிமிடத்தில் திரை முழுக்க வௌவாலும் எலும்புக்கூடுமாக நிறைந்து, நடுவில் நாம் நிற்கிற இடம் மட்டும் ஒரு கை அகலத்துக்குக் காலியாக இருக்கும், அப்போது புரியும். முப்பதாவது நிமிடத்தில் எமனே வந்துவிடுவான், ஆட்டம் முடியும், படுத்துத் தூங்கலாம். போனில் இதே கேம் இலவசம், விளம்பரம்கூட நாமாக விரும்பினால்தான் ஓடும். முதலில் அதில் ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சேலில் வாங்கினால் செய்தவருக்குத் துரோகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சேல் நாட்களில்தான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும், விலையில் 30 சதவீதம் கடைக்குப் போனாலும்கூட. ரூபாய் விலையை நாங்களேதான் வைக்கிறோம், ஸ்டீம் ஒரு பரிந்துரை தரும், டாலரை நேராக ரூபாயாக மாற்றினால் இங்கே யாரும் வாங்க முடியாது என்று தெரிந்தே குறைத்து வைக்கிறோம்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழைய கேசட் அண்ணன் சொன்ன ரீஃபண்ட் நல்ல வசதி, தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற குட்டி கேமை முழுக்க முடித்து ரசித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்காதீர்கள். 2021-இல் ஒரு சின்னத் திகில் கேமைச் செய்தவர் இதனாலேயே கேம் செய்வதை விடுகிறேன் என்று அறிவித்தார். விளையாடியவர்கள் நல்ல விமர்சனம் எழுதிவிட்டு ரீஃபண்டும் வாங்கியிருந்தார்கள். எங்கள் முதல் கேமும் ஒன்றரை மணி நேரம்தான். அவர் அறிவித்த அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

பழைய கேசட்:

பிக்சல் தறி சொன்னது சரி, நான் அதை யோசிக்கவில்லை. ஓடவில்லை என்றாலும் பிடிக்கவில்லை என்றாலும் ரீஃபண்ட், முடித்துவிட்டால் இல்லை.

இன்னொன்று சேர்க்கிறேன். விமர்சனம் படிக்கும்போது மேலே இருக்கும் "மிகவும் நல்லது" என்ற மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாதே. எதிர்மறை விமர்சனத்தை மட்டும் வடிகட்டி, அதில் பத்து மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்கள் எழுதியதைப் படி. அவர்கள் சொல்லும் குறை உனக்குக் குறையாகவே தோன்றவில்லை என்றால் வாங்கு. "ரொம்ப மெதுவாகப் போகிறது" என்று ஒருவர் திட்டியிருப்பார், உனக்கு அதுதான் வேண்டியிருக்கும். பழைய கேமில் போர்ட்டல் 2-ஐப் பார், 2011-இல் வந்தது, உன் லேப்டாப் தாங்கும், சேலில் 90 சதவீதம் வரை குறைத்திருக்கிறார்கள். புதிர் கேம், நீ அந்தப் படகு கேமை விரும்பினாய் என்றால் இதை விடமாட்டாய்.

திருப்பூர் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, ஏன் என்று சொல்கிறேன்.

வாம்பயர் சர்வைவர்ஸை முதலில் போனில் போட்டுப் பார்த்தேன், அடுத்த நாளே லேப்டாப்பிலும் வாங்கிவிட்டேன், பெரிய திரையில் வேண்டும் என்று தோன்றியது. தினமும் இரவு ஒரு ஆட்டம், அவ்வளவுதான். புதன்கிழமைதான் முதல் முறை முப்பது நிமிடம் முழுக்கத் தாக்குப்பிடித்தேன். ஸ்டார்ட்யூ வேலியும் எடுத்தேன், லேப்டாப் சூடாகக்கூட இல்லை. கம்பெனி அண்ணனிடம் காட்டினேன், பொம்மைப் படம் மாதிரி இருக்கிறதே என்றார். டீ குடிக்கிற நேரம் முழுக்க வேலி போடுவது எப்படி, கோழிக்கு என்ன தீனி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தங்கச்சி ஞாயிறு காலை எட்டு மணிக்கே என்னை எழுப்பிவிட்டாள். பதினைந்து விதையையும் வரிசையாகப் போடாமல் அவள் பெயரின் முதல் எழுத்தாகப் போட்டாள், "க". சுழி வளைவதற்கு விதை பற்றவில்லை, கடையில் போய் நாலு விதை வாங்கி முடித்தோம். தண்ணீர் ஊற்றிச் சுற்றி வர நேரம் கூடத்தான் ஆகிறது, இருந்தாலும் மாற்ற விடமாட்டேன் என்கிறாள்.

மீதிக் காசு ஸ்டீம் வாலட்டிலேயே இருக்கிறது, போர்ட்டல் 2 விஷ்லிஸ்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் நன்றாக விளையாடும்வரை வேறெதுவும் எடுப்பதில்லை, இரவு ஷிப்ட் அண்ணன் சொன்னபடி. நிலா அம்மா, ஒரு சந்தேகம். நானும் தங்கச்சியும் ஒரே லேப்டாப்பில் ஒரே நேரத்தில் ஆட முடியுமா? இப்போது மாற்றி மாற்றித்தான் ஆடுகிறோம்.

நிலா அம்மா:

முடியும் தம்பி. 2020 டிசம்பரில் வந்த 1.5 அப்டேட்டிலிருந்து திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம். ஒருவருக்குக் கீபோர்டு, இன்னொருவருக்கு ஒரு கண்ட்ரோலர் வேண்டும், சாதாரண ஒயர் வைத்ததே போதும், எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது. பண்ணையில் இரண்டாவது ஆளுக்கு கேபின் என்று ஒரு சின்ன வீடு இருக்க வேண்டும், தச்சர் ராபினிடம் சொன்னால் கட்டித் தருவாள், பெரிய செலவு இல்லை.

கேபின் கட்டியதும் காசையெல்லாம் செலவழித்துவிடாதீர்கள். வசந்தம் 13-ஆம் நாள் முட்டைத் திருவிழா வரும், அங்கேதான் ஸ்ட்ராபெரி விதை கிடைக்கும், ஒன்று 100 காசு. அன்றைக்கே நட்டுவிட்டால் பருவம் முடிவதற்குள் இரண்டு முறை பறிக்கலாம். அடுத்த எழுத்தை ஸ்ட்ராபெரியில் போடச் சொல்லுங்கள், பறிக்கப் பறிக்கச் செடி அப்படியே நிற்கும்.